செதிலுக்கு அடியில் கசகசா: வளர்ப்புப் பாம்பின் தோல் பற்றி வாசகர் கேள்விகள்

மூன்று இதழ்களுக்கு முன் கிளி வளர்ப்பைப் பற்றி எழுதியபோது, பாம்பு வளர்ப்பவர்களும் எழுதலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையைக் கண்டு ஆசிரியரே வியந்துபோனார். வீட்டில் பாம்பு வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் வாசகர்களே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலரும் கேட்டிருப்பது தோலைப் பற்றித்தான். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாக்கி, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் வளர்க்கும் 2 வயதுப் பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) மூன்று வாரமாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. எலியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூளைப் போலக் கறுப்பாக ஏதோ படிகிறது. நானும் தினமும் கழுவி ஊற்றுகிறேன். பாம்புக்கு உடல் சூடாக இருக்குமா?
— வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: உடல் சூடு என்பதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பெட்டியின் வெப்பம் கூடிப்போனாலும், சட்டை உரிக்கும் நாள் நெருங்கினாலும் பாம்பு தண்ணீரைத் தேடிப் போகும். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது அந்த மிளகுத்தூளைத்தான். நாளைக் காலையில் கிண்ணத்தைக் கழுவுவதற்கு முன், அடியில் படிந்திருப்பதை ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் வடித்து எடுங்கள். தூசியாக இருந்தால் தாளில் கறையாகப் பரவும். கசகசா அளவில் உருண்டையாக இருந்து, நகத்தால் நசுக்கும்போது செம்பழுப்பாக ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உங்கள் பாம்பின் இரத்தம். அதைக் குடித்துவிட்டு நீரில் மூழ்கிச் செத்த சிற்றுண்ணியைத்தான் நீங்கள் நாள்தோறும் கழுவி ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வளர்ப்பவர்கள் மைட் என்று சொல்லும் இந்த உயிருக்கு அறிவியலில் ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்று பெயர். அரிப்புத் தாங்காத பாம்பு தண்ணீருக்குள் இறங்குகிறது. உடலில் இருப்பவற்றில் ஒரு பங்கு மூழ்கிச் சாகிறது. மீதியுள்ளவை நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலைக்கு ஏறிவிடுகின்றன.

ஆகவே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் தலையைப் பாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள செதில்களின் உள்விளிம்பு, தாடைக்கு அடியில் நடுவே ஓடும் பள்ளம், உதட்டோரம் வரிசையாக அமைந்திருக்கும் வெப்பம் உணரும் குழிகள், பிறகு வாலுக்குச் சற்று முன்னுள்ள கழிவுத் துவாரத்தின் ஓரம் ஆகியவை அவை விரும்பித் தங்கும் இடங்கள். கண் வீங்கியதைப் போலத் தோன்றினாலும், ஏதேனும் ஒரு செதில் மட்டும் மேலே தூக்கி நின்றாலும், அதற்கு அடியில் ஒன்று புகுந்து உட்கார்ந்திருக்கலாம். உடலின் மேல் சாம்பல் தூவியதைப் போல வெண்புள்ளிகள் தெரிந்தால், அவை அந்த உயிர்களின் கழிவு.

இனி நாள் கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் மருந்தைக் கையில் எடுத்தால் பணமும் உழைப்பும் வீண். இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி பாம்பைவிட்டு இறங்கி, பெட்டியில் இருளும் ஈரமும் உள்ள இடுக்கைத் தேடி மேலே ஏறிச் சென்று முட்டையிடுகிறது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 20 என்று, தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டைகள்வரை இட வல்லது. ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் உண்ணிகள் மட்டுமே வெளிவரும். அந்த ஆணோடு சேர்ந்தபின் இடும் முட்டைகளிலிருந்து பெண்களும் வரும். தனியாக வந்து சேர்ந்த ஒரே ஒரு பெண் உண்ணி ஒரு பெட்டியை நிரப்பிவிடுவது இப்படித்தான். முட்டை பொரிக்க 30 டிகிரி செல்சியஸில் ஒரு நாளைக்குச் சற்று மேல் ஆகும். 20 டிகிரியில் 4 நாள் ஆகும். வெளிவரும் ஆறுகால் குஞ்சு இரத்தம் குடிப்பதில்லை. அடுத்த பருவத்தில் எட்டுக் கால்கள் முளைத்து, இரத்தம் குடித்தே தீர வேண்டிய நிலை வருகிறது. அதற்கும் அடுத்த பருவத்தில் மீண்டும் பட்டினி. முழு வளர்ச்சி அடைந்தபின் மீண்டும் இரத்தம். 25 முதல் 30 டிகிரி வெப்பம் உள்ள பெட்டியில் இந்தச் சுற்று முழுவதும் 13 முதல் 19 நாள்களில் முடிந்துவிடுகிறது. பைத்தானுக்காக நாம் ஏற்படுத்திக் கொடுக்கும் வெப்பம் அதற்கும் அளவெடுத்ததைப் போலப் பொருந்துகிறது.

முட்டைகளும் இரத்தம் குடிக்காத பருவங்களும் பாம்பின் மேல் இருக்க வேண்டிய தேவையே இல்லாதவை என்பதைக் கவனியுங்கள். பாம்பின் உடலில் தெரிவதை மட்டும் எண்ணி நோயின் அளவை முடிவுசெய்வது, பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணிக் கல்யாணக் கூட்டத்தைக் கணக்கிடுவதைப் போன்றது. ஆகவே வைத்தியத்தில் பாதிக்கு மேல் பெட்டிக்குத்தான்.

பாம்பை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, கீழே வெறும் கிச்சன் டவல் தாளை விரியுங்கள். வெள்ளைத் தாளாக இருந்தால் கறுப்புப் புள்ளிகள் ஊர்வது உடனே தெரியும். பழைய பெட்டியில் இருந்த மரச்சீவல், மரப்பட்டை, அட்டை ஆகியவற்றைப் பையில் இறுகக் கட்டி அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். விலை கொடுத்து வாங்கிய மரக்கிளை என்று எடுத்து வைத்துக்கொள்ள மனம் கேட்கும். அதில் எத்தனை துளை, எத்தனை வெடிப்பு என்று எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் மறைவிடத்தையும் கிண்ணத்தையும் கொதிநீரில் போடலாம். பெட்டியின் மூலைகளையும் இணைப்புகளையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, முழுக்க உலரவிட்டு, வாக்குவம் கிளீனரால் சுற்றுப்புறத்தையும் உறிஞ்சி, அந்தக் குப்பைப் பையையும் உடனே அகற்றுங்கள். இடுக்கு என்று நான் சொல்வதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பெட்டியை நானே உடனிருந்து சுத்தம் செய்வித்தேன். சறுக்கிக் கதவு ஓடும் அலுமினியப் பள்ளத்தை மட்டும் பார்க்கத் தவறிவிட்டேன். பதினாறாம் நாள் அந்த உரிமையாளர் அதே டிஷ்யூ தாளோடு வந்து நின்றார்.

பெட்டிக்கென்று பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த தெளிப்பான்கள் விற்கின்றன. அவற்றில் ஊர்வனவற்றின் பெட்டிக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருப்பதை மட்டும், பாம்பையும் தண்ணீரையும் அப்புறப்படுத்திவிட்டுத் தெளித்து, ஈரமும் நெடியும் முற்றிலும் போனபின் பாம்பை உள்ளே விட வேண்டும். பாம்பின் உடலுக்கு எந்த மருந்து என்பதை அதன் எடையையும் நிலையையும் நேரில் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டும். ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லித் தெளிப்பானைத் துணியில் நனைத்து, கண்ணும் வாயும் படாமல் உடலைத் துடைத்து, சில நிமிடத்தில் கழுவிவிட்டு, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்யும் முறை பலராலும் கையாளப்படுவது. அந்தத் தெளிப்பானில் உள்ள ஆல்கஹால் சிறிய பாம்புகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் இதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். எந்த மருந்தானாலும், கடைசி உண்ணியைக் கண்ட நாளோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே சொன்ன சுற்று இரண்டு முறையேனும் முடியும்வரை, அதாவது 6 வாரம், பெட்டியைச் சுத்தம் செய்வதும் தேடிப் பார்ப்பதும் தொடர வேண்டும்.

சாப்பிடாததைப் பற்றிக் கவலைப்பட்டு எலியைத் திணிக்காதீர்கள். நல்ல எடையுள்ள பால் பைத்தான் சில வாரம் உண்ணாமல் இருப்பதைத் தாங்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடைபோட்டுக் குறித்து வாருங்கள். வாயின் உட்புறம் வெளுத்திருந்தாலும், தூக்கினால் கயிறுபோலத் தொய்ந்தாலும், மூக்கிலோ வாயிலோ நுரை தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். சிறிய பாம்புகளுக்கு இந்த உண்ணிகளால் இரத்தசோகையே வந்துவிடும். ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவையும், மலைப்பாம்பு இனங்களின் நரம்பைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயையும் இவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக்கூடும் என்ற ஐயமும் மருத்துவர்களிடையே உண்டு.

கேள்வி: கண்காட்சியில் புதிதாக ஒரு பாம்பு வாங்கப் போகிறேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?
— வாசகர், பர்மிங்ஹாம், இங்கிலாந்து

பதில்: 60 நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 90 நாள், அதுவும் வேறு அறையில். அதற்கென்று தனி இடுக்கி, தனிக் கிண்ணம், தனித் துணி வேண்டும். பழைய பாம்புகளுக்கான வேலைகளை முடித்தபின்பே புதியதைத் தொடுங்கள். தொட்டபின் சட்டையையும் மாற்றுங்கள், ஏனென்றால் உண்ணி உங்கள் சட்டைக்கையிலும் ஏறி வரும். கண்காட்சிக்குப் போய்வந்த உடையோடு நேரே பழைய பெட்டிகளுக்கு அருகில் போவதும் இதே தவறுதான்.

கேள்வி: உரிமம் பெற்று ஒரு கார்பெட் பைத்தானும் ஒரு நீள்கழுத்து ஆமையும் வளர்க்கிறோம், பூனையும் உண்டு. பாம்புக்கு உண்ணி வந்துவிட்டது. மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்துப் புட்டி ஒன்றைத் தந்தார். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஆகும் மருந்து, கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசே கிடைத்தது, பாம்புக்கு என்ன செய்துவிடும் என்கிறார். எத்தனை சொட்டு என்று எழுதுங்கள்.
— வாசகர், மெல்பர்ன், ஆஸ்திரேலியா

பதில்: நோபல் பரிசைப் பற்றி அவர் சொன்னது சரி. ஜப்பானின் சதோஷி ஓமுராவும் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் காம்ப்பெல்லும் 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இந்த மருந்துக் குடும்பத்துக்காகப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் ஆமைக்கு அதே மருந்து நஞ்சு. ஐவர்மெக்டின் செலுத்தப்பட்ட ஆமைகள் கைகால் செயலிழந்து இறந்திருப்பது 1980களிலேயே பதிவாகியிருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்க்கும் எந்த மருத்துவரும் ஆமை இனத்துக்கு அதைத் தொடமாட்டார். பாம்புகளிலும் எல்லாமே அதை ஒரே மாதிரி தாங்குவதில்லை. சில இனங்களில் நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டதுண்டு.

சொட்டுக் கணக்கை நான் எழுதாததற்குக் காரணம் எளிது. மாட்டுக்கான புட்டியில் உள்ள மருந்து நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு ஏற்ற அடர்த்தியில் இருக்கிறது. உங்கள் பாம்பு 2 கிலோ இருக்குமா? அந்த எடைக்குரிய அளவைச் சிரிஞ்சில் கண்ணால் அளந்து எடுப்பதே கடினம். ஒரு கோடு தவறினால் பல மடங்கு கூடிவிடும். மருத்துவர் தேவை என்று கருதினால் நீர்த்துக் கலந்து, எடைபோட்டு, அவரே செலுத்துவார். அல்லது இதைவிடப் புதிய மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். புட்டியை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். முதல் பதிலில் குறிப்பிட்ட பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. தெளித்த பெட்டி முற்றிலும் உலரும்வரை பூனை அந்த அறைக்குள் வரக்கூடாது. ஆமைத் தொட்டியை வேறு அறைக்கு மாற்றிவிட்டுத் தெளியுங்கள். ஈக்களைக் கொல்ல அந்தக் காலத்தில் அறையில் தொங்கவிடுவார்களே, டைகுளோர்வாஸ் ஊறிய பட்டை, அதைத் துண்டாக நறுக்கிப் பாம்புப் பெட்டியில் வைக்கும் பழக்கம் பழைய வளர்ப்பாளர்களிடம் இன்னும் இருக்கிறது. உண்ணி சாகும், நரம்பைத் தாக்கும் அந்த நச்சுக் காற்றைப் பாம்பும்தான் சுவாசிக்கும். வேண்டாம்.

வேதிப்பொருளே பிடிக்கவில்லை என்றால், உண்ணியைத் தின்னும் உண்ணிகள் விலைக்குக் கிடைக்கின்றன. பசுமைக்குடில் விவசாயிகள் மண்ணில் விடும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற வகை அவற்றில் ஒன்று. அவை பாம்பைக் கடிப்பதில்லை. இடுக்குகளில் புகுந்து வேட்டையாடுகின்றன. ஆனால் தெளிப்பானைப் பயன்படுத்திய பெட்டியில் அவையும் செத்துப்போகும் என்பதால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உண்ணி மலிந்து பாம்பு சோர்ந்திருக்கும் நிலையில் இவற்றை நம்பிக் காத்திருப்பதை நான் விரும்பமாட்டேன்.

கேள்வி: வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவலாமா? எங்கள் வீட்டில் எல்லாப் புண்ணுக்கும் அதுதான்.
— வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: எங்கள் வீட்டிலும் அதுதான், ஆனால் பாம்புக்கு வேண்டாம். எண்ணெய் எதுவானாலும், அதில் மூழ்கிய உண்ணி மூச்சு அடைத்துச் சாகும் என்பது உண்மை. ஆலிவ் எண்ணெய் தடவும் பழக்கம் மேலைநாட்டு வளர்ப்பாளர்களிடமும் இருந்தது. ஆனால் பெட்டியில் இருக்கும் முட்டையை அது தொடாது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசியும் மரச்சீவலும் ஒட்டிக்கொள்ளும். வேப்பெண்ணெய்க்குப் பாம்பின் எடைக்கு இவ்வளவு என்று வரையறுத்த அளவு இல்லை; நீர்க்காமல் தடவினால் எரிச்சல் உண்டாகலாம். மஞ்சளில் எனக்கு வேறொரு குறை உண்டு. பாம்பின் வயிற்றுச் செதில்களில் இளஞ்சிவப்பு படர்வது இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவுவதன் தொடக்க அறிகுறி. வயிறு முழுக்க மஞ்சளைப் பூசிக் கொண்டுவந்தால் அந்தச் சிவப்பை நான் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் கார்ன் ஸ்நேக் இதுவரை முழுச் சட்டையாக உரித்துவந்தது. இந்த ஜனவரியில் துண்டு துண்டாக உரித்திருக்கிறது. வால் நுனியில் வளையம்போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கண் இன்னும் மங்கலாக உள்ளது. சிறிய இடுக்கியால் எடுத்துவிடலாமா?
— வாசகர், ஹாரோ, இலண்டன்

பதில்: இடுக்கியை உடனே அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடிபோன்ற ஒரு செதில். சட்டை உரியும்போது அதன் மேல்படலமும் சேர்ந்து கழன்று வர வேண்டும். சில சமயம் மேல்படலம் தங்கிவிடும். அதை இடுக்கியால் பிடிக்கப்போய் அடியில் உள்ள உண்மையான செதிலையே கிழித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்த பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன். தங்கிய படலத்தால் உடனடி ஆபத்து இல்லை; ஈரப்பதத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த சட்டைவரை காத்திருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். அப்போதும் வராவிட்டால் மருத்துவர் களிம்பிட்டு ஊறவைத்து எடுப்பார்.

வால் நுனியில் உள்ள வளையத்துக்கு அந்தப் பொறுமை கூடாது. காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வால் நுனி கறுத்து விழுந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த டர்க்கித் துண்டு ஒன்றை ஒரு டப்பாவில் போட்டு, அதனுள் பாம்பை அரைமணி நேரம் விடுங்கள். துண்டின் மடிப்புகளுக்கு இடையே நெளிந்து நெளிந்து பாதியை அதுவே கழற்றிவிடும். மீதியை ஈரத்துணியால் வால்நுனியை நோக்கி மெதுவாக உருவிவிடலாம். வராவிட்டால் இழுக்காமல் மறுநாள் மீண்டும் ஊறவையுங்கள்.

ஜனவரி என்று எழுதினீர்கள். அதிலேயே காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் ஓடும்போது அறையின் காற்று வறண்டுவிடுகிறது. கார்ன் ஸ்நேக்கின் பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு இருக்க வேண்டும். கண் பால்போல மங்கும் நாளிலிருந்து, ஈரமாக்கிய ஸ்ஃபாக்னம் பாசி நிரப்பிய ஒரு மூடிய டப்பாவை, பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே வையுங்கள். உராய்ந்து உரிக்கச் சொரசொரப்பான கல் ஒன்றும் இருக்கட்டும். கண் மங்கிய நாள்களில் அதற்குப் பார்வை சரியாகத் தெரியாது. அப்போது தூக்காமல் விட்டுவிடுங்கள். உரித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதியில் இரண்டு கண்களின் மூடிகளும் சிறு வில்லைகளைப் போலத் தெரிந்தால் எல்லாம் சரியாகக் கழன்றிருக்கிறது. ஈரப்பதத்தைச் சரிசெய்த பிறகும் அடுத்த சட்டை துண்டாகவே உரிந்தால், கண் விளிம்பில் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தச் சிக்கலுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: உரிமத்தோடு வளர்க்கும் எங்கள் பால் பைத்தானின் வயிற்றில் சிறுசிறு கொப்புளங்கள், சில உடைந்து பழுப்பாகிவிட்டன. ஈரப்பதம் குறையக்கூடாது என்று காணொளிகளில் சொன்னபடி, தென்னை நார்த்தூளில் தினமும் தண்ணீர் ஊற்றிவந்தேன்.
— வாசகர், கோலாலம்பூர், மலேசியா

பதில்: அந்தக் காணொளிகளை எடுத்தவர்கள் குளிர்நாட்டில் ஹீட்டர் ஓடும் வீட்டில் இருப்பவர்கள். கோலாலம்பூரில் சன்னலைத் திறந்தாலே அவர்கள் பாடுபட்டுச் சேர்க்கும் ஈரப்பதத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்துவிடும். பாம்புக்கு ஈரம் வேண்டியது காற்றில். அது படுக்கும் தரை உலர்ந்திருக்க வேண்டும். நார்த்தூளை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் அது பாம்பு படுக்கும் இடமே இல்லை. நனைந்த தரையில் நாள்கணக்கில் அழுந்திக் கிடக்கும் வயிற்றுச் செதில்களுக்கு அடியில் முதலில் தெளிநீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. அந்த நிலையிலேயே உலர்ந்த இடத்துக்கு மாற்றினால் பல பாம்புகள் ஓரிரு சட்டையில் தேறிவிடுகின்றன. உடைந்து பழுத்தபின் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். உங்கள் பாம்பு அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது.

இன்றே நார்த்தூளை முழுவதும் நீக்கி, வெறும் தாள் விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் பாம்பின் உடல் நோயை எதிர்க்காது, மருந்தும் சரிவர வேலை செய்யாது. மருத்துவரிடம் போகும்வரை, போவிடோன் அயோடினை வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு நீர்த்துப் புண்களை ஒற்றி எடுக்கலாம். கொப்புளங்களை நீங்கள் உடைக்கக்கூடாது. அவர் புண்ணிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்து ஊசி போடுவார். செஃப்டாசிடைம் என்ற மருந்தைத் தந்தால், 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அடுத்த ஊசி என்பார். மறந்துவிட்டாரோ என்று எண்ண வேண்டாம். பாம்பின் உடலிலிருந்து அந்த மருந்து அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறுகிறது. வாலுக்குப் பக்கத்தில் போடாமல் உடலின் முன்பாதியில் ஊசி போடுவதற்கும் காரணம் உண்டு: பின்பாதி இரத்தம் சிறுநீரகத்தின் வழியாகப் போகக்கூடியது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். புண்கள் வயிறெங்கும் பரவாமல் ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் அது சூட்டுக்காயமாக இருக்கலாம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டின் (சூடேற்றும் விரிப்பின்) மேல் பாம்பு வெந்துபோகும்வரை நகராமல் படுத்திருக்கும். கை சுட்டால் நாம் வெடுக்கென்று இழுத்துக்கொள்வதைப் போல அது விலகிக்கொள்வதில்லை.

கேள்வி: பாம்பின் உண்ணி மனிதரைக் கடிக்குமா? கைக்குழந்தை இருக்கும் வீடு.
— வாசகி, மிசிசாகா, கனடா

பதில்: மனித உடலில் தங்கி வாழ்வதில்லை, ஆனால் பெருகிவிட்ட வீடுகளில் கடித்துச் சிவந்த தடிப்புகள் எழுந்ததுண்டு. பாம்பை ஒழுங்காகக் குணப்படுத்திவிட்டால் அந்தத் தடிப்பும் நின்றுவிடும். குழந்தை உள்ள வீட்டில் உண்ணியைவிடப் பெரிய கவலை சால்மோனெல்லா கிருமி. ஆரோக்கியமான பாம்பின் கழிவிலும் அது இருக்கும். பாம்பையோ பெட்டியையோ தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். பாம்பின் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதே பொதுச் சுகாதாரத் துறைகளின் அறிவுரை.

கேள்வி: நண்பர் மூலமாக ஒரு பால் பைத்தான் வாங்கினேன். தாள் எதுவும் தரவில்லை. வாங்கிய வாரத்திலேயே உண்ணி தெரிகிறது. மருத்துவரிடம் போனால் சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது. இங்கேயே மருந்தைச் சொல்லிவிட முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: பார்க்காத விலங்குக்கு மருந்து எழுத மாட்டேன். உண்ணி எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்கத் துறையினர் இத்தகைய பாம்புகளைப் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். துணிப்பைகளில் முடிந்து ஒன்றோடொன்று நெருக்கி அடைத்து வரும் பாம்புகளில் ஒன்றுக்கு உண்ணி இருந்தால், இறங்கும்போது எல்லாவற்றுக்கும் இருக்கும்.

சட்டத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் பாம்புகளைப் பிடிக்கவோ வளர்க்கவோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பால் பைத்தான் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இடம்பெற்றது. அத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பதும் 2022இல் செய்த திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வைத்திருப்பவர் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகளும் வெளியாகியுள்ளன. பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தின் வழியாக நடைபெறுகிறது. உங்கள் நிலையை ஒரு வழக்கறிஞரிடம் சொல்லி, வனத்துறையை நீங்களாகவே அணுகுங்கள். அதற்கிடையே பாம்பை மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். பயந்துபோய் எங்காவது புதரில் விட்டுவிடுவதுதான் நீங்கள் செய்யக்கூடியவற்றில் மிகவும் தவறானது. பாம்பு பிழைத்தாலும், அதன் மேல் உள்ளவை நம் ஊர்ப் பாம்புகளுக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் வைக்கோற்போர்ப் பக்கம் வரும் சாரைப் பாம்பின் கழுத்தருகே பெரிய பச்சைப்பயறு அளவில் மூன்று நான்கு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதுவும் நீங்கள் சொல்லும் சிற்றுண்ணிதானா? பிடித்து எடுத்துவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயறு அளவு என்றால் அது மாட்டின் மேல் பார்ப்பீர்களே, அந்த உண்ணியின் இனம். நம் நாட்டு உடும்பிலும் பாம்பிலும் ஒட்டி வாழும் வகைகள் உண்டு. காட்டில் திரியும் பாம்புக்கு மூன்று நான்கு உண்ணிகள் பெரிய துன்பம் இல்லை. இரத்தம் நிரம்பியதும் தானாகவே விழுந்துவிடும். சில அடுத்த சட்டையோடும் போய்விடும். சிற்றுண்ணி ஆயிரக்கணக்கில் பெருகுவது அடைத்துவைத்த பெட்டியில்தான். சாரையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, அது விஷமில்லாததாயினும் நன்றாகவே கடிக்கும். காயம்பட்டு நகர முடியாமல் கிடந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். இல்லையென்றால் வைக்கோற்போரில் எலி இருக்கும்வரை அது வந்து போய்க்கொண்டிருக்கட்டும்.